மூன்றாம் நபர் யார்? பொருளியல் பாடநூல் கேட்காத கேள்வி

பொருளியல் எடுத்துப் படித்த எவரும் முதலாண்டு நுண்ணினப் பொருளியல் தாளில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, நான்கு அறை. உலகத்தில் உள்ள பண்டங்கள் எல்லாம் இந்த நான்கு அறைக்குள் அடங்கிவிடும் என்று பாடநூல் சொல்லும். அதற்கடுத்த அலகு 'புறவிளைவுகள்'. ஆலைப் புகை, ஆற்றில் கலக்கும் சாயநீர், பக்கத்துத் தோட்டத்துத் தேனீ என்று எடுத்துக்காட்டுகள் வரும். பத்து மதிப்பெண் வினா ஒன்று நிச்சயம். தேர்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

சாதி ஒழிப்பு அரசியல் பேசுகிறவர்கள் இந்த இரண்டு அலகுகளையும் மறக்கக் கூடாது. கிணறு, குளம், தெரு, சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடம் என்று நூறாண்டுகளாக நாம் போராடிவந்தவை எல்லாமே அந்தக் கட்டத்துக்குள் வருகிறவை. சாக்கடை, குப்பைமேடு, சாயநீர், இடிந்து விழும் சுவர் என்று நம் தலையில் கொட்டப்படுபவை எல்லாமே 'புறவிளைவு' என்ற சொல்லுக்குள் வருகிறவை. நம்முடைய வரலாறு முழுக்க இந்த அலகுகளில் இருக்கிறது. நம்முடைய பெயர் மட்டும் இல்லை.

செலவில்லாத வேலி

கட்டத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். முதல் கேள்வி: ஒருவர் நுகர்ந்தால் இன்னொருவருக்குக் குறையுமா? நான் குடித்த தேநீரை நீங்கள் குடிக்க முடியாது. ஆனால் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நான் நடந்ததால் உங்களுக்கு வெளிச்சம் குறைவதில்லை. இரண்டாவது கேள்வி: வேண்டாதவரை விலக்கிவைக்க முடியுமா? கடைக்காரர் காசு தராதவருக்கு அரிசி தரமாட்டார். தெருவிளக்கை அப்படி ஆள்பார்த்து எரிய வைக்க முடியாது.

குறையும், விலக்கவும் முடியும் என்றால் அது தனியார் பண்டம்: அரிசி, சட்டை. குறையாது, விலக்கவும் முடியாது என்றால் பொதுப் பண்டம்: தெருவிளக்கு, வெள்ளத்தடுப்புக் கரை. விலக்க முடியாது, ஆனால் குறையும் என்றால் பொதுவளம்: ஏரி மீன், நிலத்தடி நீர், மேய்ச்சல் புறம்போக்கு. விலக்க முடியும், ஆனால் குறையாது என்றால் குழுப் பண்டம்: கேபிள் டிவி, நீச்சல் குளம். பால் சாமுவேல்சன் 1954இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை பொதுப் பண்டத்துக்கு இலக்கணம் வகுத்தது. ஜேம்ஸ் புக்கானன் 1965இல் குழுப் பண்டத்தைச் சேர்த்தார். எலினார் ஆஸ்ட்ரம் பொதுவளத்தைப் பற்றி ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இதில் சிக்கல் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. விலக்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பண்டத்தின் இயல்பைப் பொறுத்தது என்று பாடநூல் எடுத்துக்கொள்கிறது. வேலி போட என்ன செலவு, டிக்கெட் கிழிக்க என்ன செலவு என்றுதான் அது கணக்குப் பார்க்கிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லப் பாதை இல்லை. நிலத்துக்காரர்கள் வழியை அடைத்திருந்தார்கள். பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். காணொளி பரவியபின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒரு பிணம் போனதால் அந்தப் பாதை தேய்ந்துவிடாது. பாடநூல்படி அது விலக்கத் தேவையில்லாத, விலக்கினால் யாருக்கும் லாபமில்லாத பண்டம். ஆனாலும் விலக்கினார்கள்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களும் அப்படித்தான். அவை பொதுத் தெருக்கள். ஈழவரும் புலையரும் நடந்தால் தெரு குறைந்துவிடாது. அந்தத் தெருவில் நடக்கும் உரிமைக்காகத் தந்தை பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார்.

ஆகவே பண்டத்தின் இயல்பு மட்டும் விலக்கலைத் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி இருக்கும் சமூக அதிகாரம் தீர்மானிக்கிறது. வேலிக்குச் செலவாகும், காவலுக்கு ஆள் வேண்டும் என்பது பொருளியல் கணக்கு. சாதி செலவில்லாத வேலி. அதைக் காவல் காக்க ஊரே சம்பளமில்லாமல் வேலை செய்கிறது. விலக்கப்பட்டவருக்குத்தான் செலவு: சுற்றிப்போகும் தூரம், தூக்கிவரும் குடம், கேட்டுவாங்கும் அவமானம். பாடநூல் பொதுப் பண்டம் என்று எழுதியிருப்பதை எல்லாம் சாதி குழுப் பண்டமாக மாற்றிவைத்திருக்கிறது. அந்தக் குழுவின் உறுப்பினர் அட்டை பிறப்பு.

பத்தாண்டு நடந்த ஒரு பண்டத்தின் வழக்கு

'இந்தக் குளம் எந்த வகைப் பண்டம்?' என்ற கேள்விக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அது மகாட் சவுதார் குளத்தின் வழக்கு.

பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை எஸ்.கே. போலே 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேற்றவைத்தார். 1924இல் மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் பொதுவானது. ஆனாலும் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் திருப்பித் தாக்கினார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. டிசம்பரில் வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கில் அவர்கள் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். இந்தக் குளம் பொதுக் குளமே அல்ல, சாதி இந்துக்களின் தனிச் சொத்து, நெடுங்கால வழக்கப்படி அவர்களுக்கு மட்டுமே உரியது என்றார்கள். அதாவது பண்டத்தையே வேறு அறைக்கு மாற்றப் பார்த்தார்கள். 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படியொரு தொன்று தொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று அம்பேத்கர் தரப்புக்குத் தீர்ப்பளித்தது. ஒரு குவளைத் தண்ணீரிலிருந்து தீர்ப்புவரை பத்தாண்டுகள்.

அம்பேத்கர் அப்போது வெறும் வழக்கறிஞர் அல்லர். மாகாண நிதி பற்றிய அவருடைய கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 1925இல் நூலாக வெளிவந்திருந்தது. பொதுநிதி என்பதே பொதுப் பண்டங்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், யார் பயன்பெறுகிறார்கள் என்ற துறைதான். அந்தத் துறையின் அறிஞர், பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளத்தில் இறங்கியதுதான் மகாட். பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் என்று பண்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அரசு நிதியில் இயங்கும் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்றது. சாமுவேல்சன் தன் கட்டுரையை எழுதுவதற்கு நான்காண்டு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்ட பொதுப் பண்ட இலக்கணம் அது. அதில் யாரை விலக்கக் கூடாது என்ற கேள்வியும் இருந்தது. நம் கல்லூரிப் பாடத்தில் சாமுவேல்சன் இருக்கிறார், 15ஆம் பிரிவு இல்லை.

தீட்டு என்னும் பொய்ப் புறவிளைவு

இப்போது இரண்டாவது அலகுக்கு வருவோம். இருவர் செய்யும் ஒரு செயலின் கேடோ நன்மையோ, அதில் பங்கே இல்லாத மூன்றாம் நபர்மேல் போய் விழுந்தால் அது புறவிளைவு. ஆர்தர் பிகூ 1920இல் எழுதிய 'நல்வாழ்வுப் பொருளியல்' நூலில் ரயில் எஞ்சினிலிருந்து பறக்கும் தீப்பொறி பக்கத்துக் காட்டை எரிப்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். தீப்பொறியின் விலை ரயில் கம்பெனியின் கணக்கில் வருவதில்லை. எனவே அரசு வரி போட்டு அந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டும் என்றார்.

மகாடில் ஊற்றப்பட்ட 108 குடங்களை இந்தச் சொல்லால் பார்த்தால் ஒன்று விளங்கும். தீண்டாமை தனக்கென்று ஒரு புறவிளைவுக் கொள்கையை வைத்திருக்கிறது. 'நீ தொட்டால் என் தண்ணீர் கெடுகிறது. நீ நடந்தால் என் தெரு கெடுகிறது. உன் செயலின் கேடு என்மேல் விழுகிறது.' குறையாத பண்டத்தைக் குறைவதாகச் சொல்வதும், இல்லாத கேட்டை இருப்பதாகச் சொல்வதும்தான் தீட்டு. அந்தப் பொய்க் கேட்டுக்கு அவர்கள் வரியும் வசூலித்தார்கள். தனிக் குவளை, தனிக் கிணறு, கழற்றிய செருப்பு, இறக்கிய துண்டு.

இந்தப் பொய்க் கணக்கு உண்மையான நன்மையையும் அழிக்கும். சத்துணவுத் திட்டம் பாடநூலில் நற்புறவிளைவுக்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒரு குழந்தை சாப்பிட்டுப் படித்தால் அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, ஊருக்கே நன்மை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பகுதியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைப்பதை எதிர்த்துச் சாதி இந்துப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அரசு பணம் போட்டு உருவாக்கிய நன்மையைத் தங்கள் பிள்ளைகளுக்கே வேண்டாம் என்று மறுக்கிற அளவுக்குத் தீட்டுக் கணக்கு வலுவாக இருக்கிறது. 'பகுத்தறிவுள்ள நுகர்வோர்' என்று தொடங்கும் முதல் அலகை இந்தப் பெற்றோர்களை வைத்து எப்படி நடத்துவது என்று பேராசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

உண்மையான கேடு எந்தப் பக்கம் பாய்கிறது?

பொய்க் கேடு சேரியிலிருந்து ஊருக்குப் பாய்வதாகச் சொல்லப்படுகிறது. உண்மைக் கேடு ஊரிலிருந்து சேரிக்குப் பாய்கிறது. ஊர்ச் சாக்கடை எங்கே போய் முடிகிறது, செத்த மாட்டை எங்கே போடுகிறார்கள், பேரூராட்சி குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று உங்கள் ஊரின் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் விடை ஒன்றாகத்தான் இருக்கும்.

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். வசதியான ஒருவரின் வீட்டைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த சுமார் 20 அடி உயரச் சுவர் மழையில் இடிந்து, ஒட்டியிருந்த தலித் குடியிருப்பின் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தானது என்று முன்பே புகார் சொல்லியிருந்ததாக மக்கள் கூறினார்கள். பாடநூல்படி வீட்டுச் சுவர் தனியார் பண்டம். அதன் பயன் முழுதும் உள்ளே இருப்பவருக்கு. அதன் கேடு முழுதும் வெளியே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு. அவ்வளவு உயரம் எதற்கு, யார் கண்ணில் படாமல் இருப்பதற்கு என்ற கேள்வியை அப்பகுதி மக்கள் கேட்டார்கள். புறவிளைவு அலகில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

நகரத்தில் நாம் கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது அந்தச் செயலின் கேடு எங்கோ ஒரு ஆள்நுழைவுக் குழியில் இறங்குகிறவர்மேல் விழுகிறது. அந்த ஆளின் சாதி இந்தியா முழுவதும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. 1993இலும் 2013இலும் தடைச் சட்டங்கள் வந்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. விலை வைத்தால் புறவிளைவு சரியாகும் என்பது பிகூவின் வழி. ஆனால் சில கேடுகளுக்கு விலை வைக்கக் கூடாது, அவற்றைத் தடுக்கவே வேண்டும். விலை மட்டும் வைத்தால், அதைக் கட்டிவிட்டுத் தொடரலாம் என்று ஒப்பந்ததாரர் புரிந்துகொள்வார்.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில சராசரி 20. திட்டக்குடி தனித் தொகுதி. புறவிளைவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. கடற்கரையில் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் வேதியியல் ஆலைகள். நடுவில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவுபகலாக இறைத்தாக வேண்டும். மின்சாரம் தென்மாநிலங்கள் முழுக்கப் போகிறது, நீர்மட்டம் இறங்குவது இங்கே. மேற்கே விருத்தாசலம் பீங்கான் சூளைகள். அதற்கும் மேற்கே எங்கள் திட்டக்குடி, வெள்ளாற்று மணல்.

இவற்றால் பாதிக்கப்படுவோர் எல்லாரும் தலித்துகள் அல்லர். உப்பனாற்றங்கரையில் மீனவர்கள் இருக்கிறார்கள். நெய்வேலியைச் சுற்றி நிலம் இழந்தவர்களில் இடைநிலைச் சாதி விவசாயிகள் ஏராளம். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலம் இருந்தவர் நிலத்துக்கு இழப்பீடு கேட்கிறார், வேலை கேட்கிறார், நியாயமாகவே கேட்கிறார். அதே நிலத்தில் கூலி வேலை செய்தவருக்குப் பட்டா இல்லை. அவர் இழந்தது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அவர் மூன்றாம் நபருக்கும் அடுத்தபடியாக நிற்கிறார்.

பேரம் பேச முடியாதவர்கள்

பிகூவை மறுத்து ரொனால்டு கோஸ் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் ஆகாது என்றால், அரசு வரி தேவையில்லை, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதிலிருந்து பாடநூல்கள் எடுத்த சாரம். பக்கத்துப் பண்ணை மாடு பயிரை மேய்ந்தால், பண்ணைக்காரரும் விவசாயியும் உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்தக் கதையில் இருவரும் நிலம் உள்ளவர்கள். நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்து பாருங்கள். செங்கல் சூளைப் புகை சேரிக்குள் வருகிறது. சூளை உரிமையாளரிடம் பேரம் பேசப் போகிறவர், அதே சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்கிறவர். அவர் வீட்டுக்கு வரும் பாதை உரிமையாளரின் வயல் வழியாக வருகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்கப்போவதும் அங்கேதான். கேள்வி கேட்டால் வேலை போகும், பாதை போகும், கடன் போகும். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்ததே இந்தப் பேரத்தின் நிலைமைக்குச் சான்று. அதனால் சேரியின் மௌனத்தைப் பார்த்து 'பேரம் முடிந்தது, இரு தரப்பும் நிறைவு' என்று எழுதிவிடுகிறது பொருளியல்.

ஏரி யாருடைய பொதுவளம்?

மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் திறந்து கிடந்தால் அழிந்துவிடும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். மக்கள் தாங்களே விதிகள் வகுத்துக் காப்பாற்றுவார்கள் என்று ஆஸ்ட்ரம் 1990இல் சான்றுகளோடு காட்டினார். முற்போக்காளர்களுக்கு ஆஸ்ட்ரமைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் சொன்ன முதல் விதி, பயன்படுத்துவோர் யார் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. தமிழக ஏரிகளில் அந்த எல்லையைப் பல நூற்றாண்டாகப் போட்டுவந்தது சாதி.

திட்டக்குடி வட்டத்தில் கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரி இருக்கிறது. வெள்ளாற்று நீரைத் தொழுதூரில் திருப்பி நிரப்பும் ஏரி. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஏரியில் யாருக்குக் குரல் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கு. 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டமும் பாசனச் சங்க வாக்குரிமையை நிலத்தோடுதான் கட்டிப்போட்டது. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏரி என்பது ஆடு மேயும் கரை, வலை வீசும் நீர், விறகு, துணி துவைக்கும் படி. இந்தப் பயன்கள் எதுவும் வாக்கு ஆவதில்லை. தென்மாவட்ட ஏரிகளை ஆராய்ந்து டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டியது: மடை திறப்பதும் வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் தலித் நீர்க்கட்டிகளின் உழைப்பு, நீரின் மீதான அதிகாரமும் மரியாதையும் மேல்சாதிக்கு. 'நம் முன்னோர்களின் நீர் மேலாண்மை' என்று பெருமை பேசும் மேடைகளில் இந்த வரி வருவதில்லை.

ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று

இதுவரை சொன்னது ஊர் செய்வது. அரசும் இதையே செய்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பர் இறுதியில் 10 ஆயிரம் லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்றபின் மக்களே மேலே ஏறிப் பார்த்தார்கள். அதே நாட்களில் மாவட்ட ஆட்சியர் விசாரிக்கப் போனபோது பக்கத்து இறையூரில் தேநீர்க் கடை இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிவந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை போட்டார்கள். மக்கள் அதை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டார்கள்.

யார் கலந்தார்கள் என்பதைச் சட்டம் முடிவு செய்யட்டும். பொருளியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முந்தையது. தலித் குடும்பங்களுக்கு என்று தனியாக ஒரு தொட்டி ஏன் இருந்தது? குடிநீர் வலையமைப்பில் கூடுதலாக ஒரு தெருவைச் சேர்க்க ஆகும் செலவு குறைவு. அதனால்தான் அதை அரசு தர வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. இரண்டாகப் பிரித்துக் கட்டுவது வீண்செலவு. ஆனாலும் தமிழ்நாடு முழுக்க ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. சில இடங்களில் நியாயவிலைக் கடையும் அங்கன்வாடியும்கூட. 'பிரச்சினை வராமல் இருக்க' என்று அதிகாரிகள் காரணம் சொல்வார்கள். பிரச்சினைக்கு விலை கொடுத்து, பொதுப் பண்டத்தை அரசே குழுப் பண்டமாக உடைத்துக் கட்டுகிறது என்பதுதான் அதன் பொருள். ஒரே தொட்டியில் எல்லாரும் குடித்திருந்தால், அதற்குள் மலம் கலப்பது எல்லாருடைய வீட்டுக்கும் கேடு. தனித்தொட்டி என்பது தாக்குவதற்கு வசதியான குறி.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. சொல் போய்விடும். தொட்டியும் சுடுகாடும் எப்போது ஒன்றாகும்?

வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கலைஞர் ஆட்சியில் 1990களின் கடைசியில் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு. எல்லாருக்கும் ஒரே தெரு, ஒரே குடிநீர், ஒரே சமுதாயக் கூடம். பராமரிப்பில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் பண்டத்தை எந்த அறையில் வைப்பது என்பது அரசின் முடிவு என்று அது காட்டிவிட்டது.

சந்தை விடுதலை தருமா?

இங்கே சில நண்பர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். பொதுக் கிணறு சாதி கேட்டது, இருபது லிட்டர் கேன் தண்ணீர் சாதி கேட்பதில்லை. காசு கொடுத்தால் தருகிறான். அப்படியானால் சந்தைதானே நமக்கு விடுதலை?

இதில் உண்மை இல்லாமல் இல்லை. பேருந்தும் நகரமும் ஓட்டலும் திரையரங்கும் கிராமத்துத் தெரு தராத மூச்சைத் தந்திருக்கின்றன. முகம் தெரியாத இடத்தில் காசு மட்டும் பேசுகிறது. ஆனால் முகம் தெரிந்த இடத்தில்? இறையூர்த் தேநீர்க் கடையும் சந்தைதான். காசு வாங்கிக்கொண்டுதான் வேறு குவளையில் கொடுத்தார்கள். வாடகை வீடு முழுக்க முழுக்கத் தனியார் பண்டம். வீட்டுத் தரகர் முதலில் கேட்பது முன்பணம் எவ்வளவு என்றல்ல என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். மேலும், பொதுக் குடிநீர் கிடைக்காததால் கேன் வாங்குகிற கூலித் தொழிலாளி, சாதி போட்ட வேலிக்குத் தன் கூலியிலிருந்து கட்டணம் கட்டுகிறார். சந்தை அந்த வேலியை அகற்றவில்லை, அதற்கு மாதத் தவணை போட்டுக் கொடுத்திருக்கிறது.

என்ன கேட்பது?

பொருளியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அம்பேத்கர் அதைத் தூக்கி எறியவில்லை, ஏந்திக்கொண்டு போராடினார். நாமும் அதன் கருவிகளைக் கைக்கொண்டு சிலவற்றைக் கேட்கலாம்.

வகுப்பறையில்: நான்கு அறைக் கட்டத்துக்கு மூன்றாவது கேள்வி ஒன்று வேண்டும். 'விலக்க முடியுமா' என்பதோடு 'யார் யாரை விலக்குகிறார்கள்' என்று கேட்க வேண்டும். புறவிளைவு வினாவில் ஆலைப் புகையோடு மகாட் குளமும் நடூர்ச் சுவரும் வரட்டும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தேர்வில் விடைத்தாளிலேயே எழுதுங்கள்.

ஊராட்சியில்: ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர் ஊராகத் தொட்டிகளும் குழாய்களும் வந்துகொண்டிருக்கின்றன. பொதுப் பணத்தில் கட்டப்படும் எந்தப் புதிய தொட்டியும் சுடுகாடும் தனித்தனியாக வரக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். யாருடைய அனுமதியும் இல்லாமல் சேரி மக்கள் நடந்துபோகக்கூடிய இடத்தில் அது அமைய வேண்டும்.

சூழல் விசாரணைகளில்: ஆலையோ குப்பைக்கிடங்கோ வரும்போது, அதிலிருந்து எந்தக் குடியிருப்பு எவ்வளவு தூரம், அதில் வாழ்வோர் எந்தச் சமூகத்தினர் என்ற வரைபடத்தை அறிக்கையில் கட்டாயமாக்க வேண்டும். கருத்துக்கேட்பு சேரியிலும் நடக்க வேண்டும். மாசுக்கு வசூலிக்கும் தொகை அந்த மாசைச் சுவாசித்தவர்களுக்கே, பட்டா இல்லாத கூலிகள் உட்பட, செலவாக வேண்டும்.

'மூன்றாம் நபர்' என்று பாடநூல் எழுதும்போது அது எவராகவும் இருக்கலாம் என்பதுபோல் எழுதுகிறது. தற்செயலாக அங்கே நின்றவர், தற்செயலாகக் கேட்டுக்கு ஆளானவர். நம் நாட்டில் அந்த இடம் தற்செயலாக நிரப்பப்படுவதில்லை. ஊரின் வரைபடம் போடப்பட்ட அன்றே, காற்றும் சாக்கடையும் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, அங்கே யார் குடியிருப்பார்கள் என்றும் முடிவாகிவிட்டது. அவர்களுக்குப் பெயர் உண்டு, தெரு உண்டு, வாக்கு உண்டு. கணக்கில் அவர்களைப் பெயர் சொல்லி எழுதவைப்பதுதான் நம் தலைமுறைப் பொருளியல் மாணவர்களின் வேலை.